சிபில் ஸ்கோரை நாமே சரிசெய்வது எப்படி? பாலக்காடு – பொள்ளாச்சி எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாட்டு லோனோ வீட்டு லோனோ கேட்டுப் போன இடத்தில் "சிபில் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டால், நம்மில் பலர் அடுத்து இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, அடுத்த வங்கியில் மனு கொடுக்கிறோம். அல்லது "ஸ்கோரை ஏற்றித் தருகிறேன்" என்பவர் கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுக்கிறோம். முதல் வேலை ஸ்கோரை இன்னும் இறக்கும். இரண்டாவதில் பணம்தான் போகும். திருத்த மனு கொடுக்கக் கட்டணமே கிடையாது. சட்டப்படி ஒரு ஏஜென்ட் செய்யக்கூடிய எதையும் நீங்களே செய்யலாம். உண்மையான பாக்கியை உங்கள் கடன் ரிப்போர்ட்டில் இருந்து அழிக்க யாராலும் முடியாது. அப்படிச் சொல்லி ஓடிபி கேட்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள்.

ஸ்கோர் என்பது, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று கணிக்க வங்கி பார்க்கும், 300 முதல் 900 வரையிலான ஓர் எண். அதை நேராகத் தொட முடியாது. அந்த எண், பின்னால் ரிப்போர்ட்டில் இருக்கும் கடன் வரிகளின், அதாவது ஒவ்வொரு கடனைப் பற்றிய பதிவுகளின் கூட்டு விளைவு. திருத்த வேண்டியது அந்த வரிகளை. அதனால் "என் ஸ்கோர் எவ்வளவு?" என்பதை இப்போதைக்கு விட்டுவிட்டு, "என் பேரில் என்னென்ன எழுதியிருக்கிறது?" என்பதில் இருந்து தொடங்குங்கள்.

முதலில் நான்கு ரிப்போர்ட்டும் கையில் வேண்டும்

சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும், இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிரிஃப் ஹைமார்க். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும். ஆக வருடத்துக்கு நான்கு ரிப்போர்ட் உங்களுக்கு இலவசம்.

நான்கையும் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போகும் வங்கி எதைப் பார்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒன்றில் திருத்திய தவறு இன்னொன்றில் அப்படியே நிற்கலாம். குழு லோன் வாங்கியவர்கள் ஹைமார்க்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் அதிகம் நம்புவது அதைத்தான்.

அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போய் "இலவச ஆண்டு ரிப்போர்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பான் எண், பிறந்த தேதி, ஓடிபி வரக்கூடிய மொபைல் எண் ஆகியவை தேவைப்படும். இடையில் கட்டணத் திட்டம் வாங்கச் சொல்லிப் பக்கங்கள் வரும். கடந்து போங்கள். பிடிஎஃப் கோப்பை இறக்கி, பக்கத்துக் கடையில் அச்சடித்துக்கொள்ளுங்கள். போன் திரையில் படித்தால் பாதி கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாமே நம் ரிப்போர்ட்டை எடுத்தால் ஸ்கோர் குறையாது. நீங்கள் லோனுக்கு மனுச் செய்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது "என்கொயரி" என்று பதிவாகும். மாதாமாதம் இலவசமாக ஸ்கோர் காட்டும் செயலிகளைப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் அதே திரையில் "உங்களுக்கு 2 லட்சம் தயார்" என்று வருவதைத் தட்டிவிடாதீர்கள். விளையாட்டாகத் தட்டினால்கூட அது ஒரு மனுவாகிவிடலாம்.

எல்லையோரத்தில் ஒரே ஆள் இரண்டு ஆளாவது

ரிப்போர்ட்டின் முதல் பக்கம் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி. வேறு ஊர்களில் இதை அரை நிமிடத்தில் தாண்டிவிடலாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

காரணம், நம் ஆவணங்கள் இரண்டு மாநிலத்து எழுத்து வழக்கத்தில் ஓடுகின்றன. பொள்ளாச்சியில் படித்தவரின் சான்றிதழில் ஆறுமுகம் என்று இருக்கும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் போட்ட ரேஷன் கார்டில் அதே ஆள் ஆறுமுகன். சண்முகம் சண்முகன் ஆவதும் இப்படித்தான். தங்கமணி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் நடுவில் "ஜி" போடுவார்கள், கேரளத்தில் "கே" போடுவார்கள். இனிஷியலுக்கு இங்கே அப்பா பெயர், அங்கே வீட்டுப்பெயர். சிலருக்கு இனிஷியல் முன்னால், சிலருக்குப் பின்னால். இதோடு இரண்டு மாநில முகவரி, பழைய சிம், புதிய சிம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இதனால் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, உங்கள் கடன்கள் இரண்டு ரிப்போர்ட்டாகப் பிரிந்து கிடக்கும். ஒழுங்காகக் கட்டி முடித்த டூவீலர் லோன் ஒன்றிலும், நடப்பு லோன் இன்னொன்றிலும் இருந்தால், நல்ல சரித்திரம் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். இரண்டாவது இதைவிட மோசம். அதே பெயரும் ஒட்டிய பிறந்த தேதியும் உள்ள இன்னொருவரின் கடன் உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு மருந்து முதலில் உங்கள் வீட்டிலேயே தொடங்குகிறது. பான் கார்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்குகளின் கேஒய்சியையும் (வங்கியில் கொடுத்த அடையாள விவரம்) அதோடு ஒன்றாக்குங்கள். பானிலேயே பிழை இருந்தால் முதலில் பானைத் திருத்துங்கள். பிறகு ஒவ்வொரு கடன் கணக்கிலும் பான் எண் ஏறியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். பழைய நகைக் கடன், பயிர்க் கடன் கணக்குகளில் பான் இல்லாமல் வாக்காளர் அட்டை எண்ணோ ரேஷன் கார்டு எண்ணோ மட்டும் இருக்கலாம். பிரிந்து கிடக்கும் ரிப்போர்ட் ஒன்று சேர, இரண்டுக்கும் பொதுவான ஓர் அடையாள எண் வேண்டும். அந்த வேலைக்குப் பான் எண்தான் பலமானது.

வங்கிப் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்பிடி என்னும் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்பிஐயோடும், சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடும் சேர்ந்தன. நீங்கள் எஸ்பிடியில் வாங்கிய கடன் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரில் இருக்காது. "எனக்கு அந்த வங்கியில் கடனே இல்லையே" என்று பதறும் முன், பழைய பாஸ்புக்கை எடுத்துத் தொகையையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு வரியைப் படிப்பது

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் கடன் வகை, வாங்கிய தேதி, தொகை, தற்போதைய பாக்கி, ஓவர்டியூ (கெடு தாண்டியும் கட்டாத) தொகை, நிலை, கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி எல்லாம் வரும். கீழே 36 மாதத்துக்குக் குட்டிக் குட்டிப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள எண், அந்த மாதம் எத்தனை நாள் பாக்கி நின்றது என்பதைச் சொல்கிறது. 000 என்றால் சரியாகக் கட்டியாயிற்று. எக்ஸ் எழுத்து மூன்று இருந்தால் அந்த மாதத் தகவல் வரவில்லை என்று பொருள், அது தவறு கணக்கில்லை. 030, 060 என்று ஏறிக்கொண்டே போய் 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக் கடன், அதாவது என்பிஏ.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு டூவீலர் லோனை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 6,200 ரூபாய், டியூ தேதி 5. ஜூன் மாதம் மட்டும் கட்ட முடியவில்லை. ஜூலை 5 அன்று 6,200 கட்டுகிறார். தான் ஜூலை டியூவைக் கட்டியதாக அவர் நினைக்கிறார். ஆனால் பணம் முதலில் பழைய பாக்கிக்கே போகும், அதாவது ஜூன் டியூ தீர்ந்தது, ஜூலை டியூ நிற்கிறது. ஜூலை 31 அன்று கணக்குப் பார்க்கும்போது 26 நாள் பாக்கி. ஆகஸ்ட் 5 அன்று கட்டுவது ஜூலைக்குப் போகும், ஆகஸ்ட் 31 அன்று மறுபடி 26 நாள். இப்படி மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பார், ரிப்போர்ட்டில் மாதம் தவறாமல் பாக்கி என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். தவறியது ஒரே ஒரு தவணை. கறை படிவதோ வருடக் கணக்கில். இதற்குத் தீர்வு, கூடுதலாக ஒரே ஒரு தவணை 6,200-ம், செக் ரிட்டர்ன் கட்டணம் போன்றவையும் சேர்த்துக் கட்டி ஓவர்டியூவைப் பூஜ்யம் ஆக்குவது. பெட்டிகளில் 25, 26 என்று வரிசையாக நின்றால் இதுதான் வியாதி என்று புரிந்துகொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் இதே போன்ற பொறி ஆண்டுக் கட்டணம். 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590. கார்டை உபயோகிக்காமல் பீரோவில் போட்டுவிட்டு, சிம்மையும் மாற்றிவிட்டால் அந்த 590 தெரியவே தெரியாது. அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி என்று ஏறி, பாக்கி நாள் நூற்றுக்கணக்கில் போய்விடும். தொகை சின்னது என்று வங்கியும் வீட்டுக்கு ஆள் அனுப்பாது. வேண்டாத கார்டை எழுத்து மூலம் மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி.

படித்து முடித்ததும் வரிகளை மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள்: தவறான வரி, உண்மையாக இன்னும் பாக்கி உள்ள வரி, உண்மை ஆனால் முடிந்துபோன வரி. முதல் வகைக்கு மனு, இரண்டாவதுக்குப் பணம், மூன்றாவதுக்குக் காலம். முடிந்துபோன தாமதத்துக்கு மனு எழுதிப் பயனில்லை. 36 மாதப் பெட்டிகளில் புதிய மாதங்கள் வரவர, பழையவை நகர்ந்து மறையும். "ஏழு வருடம் போனால் எல்லாம் தானாக அழியும்" என்ற நம்பிக்கையோடு பாக்கியை அப்படியே விட்டுவிடாதீர்கள். தகவலைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அதற்குமேல் அழித்துவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

தவறான வரிக்கு மனு

எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் தவறு இருக்கிறதோ, அதன் இணையதளத்தில் நுழைந்து "டிஸ்ப்யூட்" பகுதிக்குப் போங்கள். உங்கள் கடன் இல்லை, பாக்கித் தொகை தவறு, மூடிய கடன் திறந்தே இருக்கிறது, ஒரே கடன் இரண்டு முறை வந்திருக்கிறது, பெயர் அல்லது முகவரி தவறு என்று வகைகள் இருக்கும். ஒரு வரிக்குப் பொருத்தமான வகையைத் தேர்ந்து ஆதாரத்தை இணையுங்கள். நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த வங்கியிடம் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் அதே நாளில் வங்கிக் கிளைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தட்டினால்தான் கதவு சீக்கிரம் திறக்கும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"ஐயா/அம்மா, என் பெயரில் உங்கள் கிளையில் இருந்த டூவீலர் கடன் கணக்கு எண் ........ , ........ தேதியில் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. பாக்கி இல்லாச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். ........ தேதியிட்ட ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கு இன்னும் ........ ரூபாய் ஓவர்டியூ என்று காட்டுகிறது. அந்தப் பக்கத்தையும் இணைத்துள்ளேன். நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சரியான தகவலை அனுப்பி, அனுப்பிய தேதியை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். பெயர், பான், மொபைல், கையெழுத்து, தேதி."

இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "வைத்துவிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்தத் தேதிதான் உங்கள் ஆயுதம். ஏனென்றால் மனு கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த 30 நாளில் 21 நாள் வங்கிக்கு. வங்கி 21 நாளுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் பொறுப்பு வங்கிக்கு. வங்கி அனுப்பியும் நிறுவனம் இழுத்தடித்தால் பொறுப்பு நிறுவனத்துக்கு. மனுவை நிராகரித்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாமல் காரணம் கேளுங்கள்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம்தான். கிளை கேரளத்தில் இருக்கிறது, நான் இருப்பது தமிழ்நாட்டில், எந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதுவது என்ற குழப்பம் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் கொடுத்தால் போதும். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் 2022 செப்டம்பர் 1 முதல் இங்கே புகார் கொடுக்கலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டதற்கான ஆதாரம் இல்லாமல் போனால் புகார் நிற்காது. முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

நீங்கள் வாங்காத கடனே உங்கள் பேரில் இருந்தால் அது வேறு விஷயம். டிஸ்ப்யூட்டோடு நிறுத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் உடனே புகார் கொடுத்து, அந்த எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

உண்மையான பாக்கி: எதை முதலில் கட்டுவது

கையில் இருக்கும் பணம் எல்லாப் பாக்கிக்கும் போதாது என்பதே பெரும்பாலும் நிலைமை. அதை நாலு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது நியாயமாகத் தோன்றும். ஸ்கோருக்கு அதுதான் மிக மோசமான வழி. எதுவுமே முழுதாகத் தீராமல் எல்லா வரியும் பாக்கியாகவே நிற்கும்.

90 நாளை நெருங்கும் கடனை முதலில் பிடியுங்கள். 60, 70 நாளில் நிற்பதை இன்று கட்டினால் அது சாதாரணக் கடனாகவே தொடரும். 90 தாண்டி என்பிஏ ஆனபின், ஒன்றிரண்டு தவணை கட்டி அதை மீட்க முடியாது. வட்டி, அசல் என்று நின்ற பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மறுபடி சாதாரணக் கடனாக மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவிர, ஒரு வங்கியில் உங்களுடைய ஒரு கடன் என்பிஏ ஆனால் அதே வங்கியில் உள்ள மற்றக் கடன்களும் அதோடு சேர்ந்து என்பிஏ ஆகும். ஒழுங்காகக் கட்டிவரும் வீட்டுக் கடன், மறந்துபோன சின்னக் கார்டு பாக்கியால் கெடுவது இப்படித்தான்.

அடுத்தது ஏல நோட்டீஸ் வந்த நகை. இதில் ஸ்கோரைவிட நகைதான் முக்கியம். பிறகு சின்னச் சின்னப் பாக்கிகள்: போன் இஎம்ஐ, செயலிக் கடன், கார்டு. தொகை சின்னது என்பதற்காக ரிப்போர்ட்டில் வரி சின்னதாக இருப்பதில்லை. ஒன்றை முழுதாக அடைத்து மூடினால் ஒரு கெட்ட வரி குறைகிறது.

கடைசியில் வருவது பல வருடமாக "ரிட்டன் ஆஃப்", அதாவது இனி வசூலாகாது என்று வங்கி தன் கணக்கில் எழுதிவிட்டது என்ற நிலையில் நிற்கும் பழைய கடன். அது கெடுத்ததைக் கெடுத்து முடித்துவிட்டது. ஒரு மாதம் தள்ளினால் புதிய நஷ்டம் அதிகம் வராது. ஆனால் புதிய வங்கி லோன் மனுவைப் பார்க்கும்போது இந்த வரியைத்தான் முதலில் கேட்கும், அதனால் அடைத்தே ஆக வேண்டும். வாராக் கடன்களை விலைக்கு வாங்கும் ஏஆர்சி என்னும் நிறுவனத்துக்கு உங்கள் கடனை வங்கி விற்றிருந்தால், பணத்தை யாரிடம் கட்டுவது, ரிப்போர்ட்டை யார் திருத்துவது என்று முதலில் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

செட்டில்மென்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 80,000 பாக்கி, "35,000 கட்டுங்க, முடித்துவிடலாம்" என்று போன் வரும். கட்டினால் தொந்தரவு நிற்கும், உண்மைதான். ஆனால் ரிப்போர்ட்டில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். முழுப் பணம் கட்டவில்லை என்பதே அதன் பொருள். சமரசத்தில் முடித்தவருக்கு, விவசாயக் கடன் அல்லாத கடன்களில், அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக்கூடாது என்பது 2023 ஜூன் மாத ரிசர்வ் வங்கி விதி. மற்ற வங்கிகளும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தயங்கும். முழுதாகக் கட்ட வழி இருந்தால், வட்டியிலும் அபராதத்திலும் மட்டும் தள்ளுபடி கேட்டு, அசலை முழுதும் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். கணக்கு "க்ளோஸ்டு" என்று போகுமா என்பதையும் முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட் செய்யுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் பணம் வரும்போது தள்ளுபடி செய்த மீதியைக் கட்டி "க்ளோஸ்டு" ஆக்கித் தரும்படி அதே வங்கியிடம் கேட்கலாம்.

எதுவானாலும் கடிதம் வந்தபின் பணம். கடிதத்தில் தொகை, கடைசித் தேதி, அதன்பின் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம், ரிப்போர்ட்டில் போகப்போகும் நிலை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கு எண்ணுக்கே செலுத்துங்கள். வசூலுக்கு வந்த ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அப்படிப் போன பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் நிரூபிப்பது பெரும்பாடு. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 9 மணி, 6 மணி. மீறினால் அதுவும் ஓம்புட்ஸ்மேனிடம் சொல்லக்கூடிய புகார்தான்.

சொத்துப் பத்திரம் வைத்த கடனை முழுதாக அடைத்தால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1 முதல் இது விதி.

நகை, பயிர், குழு: நம் பக்கத்துக் கடன்கள்

நகையை வைத்து வாங்கியதற்கு சிபில் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியிலோ நகைக் கடன் கம்பெனியிலோ வைத்தால் அது ரிப்போர்ட்டில் ஏறும். கெடு முடிந்தும் திருப்பாமலும் புதுப்பிக்காமலும் விட்டால் பாக்கி நாள் ஓடத் தொடங்கும். ஏலத்தில் போய் முழுத் தொகை வராவிட்டால் மிச்சமும் உங்கள் பேரில் நிற்கும். கெடுத் தேதியை ரசீதில் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். தெருமுனை அடகுக் கடையில் வைத்தால் ரிப்போர்ட்டில் எதுவும் ஏறாது. அதனால் கெடுதலும் இல்லை, எத்தனை வருடம் வட்டி ஒழுங்காகக் கட்டினாலும் ஸ்கோருக்கு நன்மையும் இல்லை. ஊர் சொசைட்டிக் கடன் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதை ஊகிக்காமல் உங்கள் ரிப்போர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னைக்கோ நெல்லுக்கோ வாங்கிய கிசான் கார்டுக் கடனில், வருடாவருடம் புதுப்பிக்காததுதான் வழக்கமான பிழை. விலை வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தாண்டவிட்டால், ஒழுங்காகக் கட்டுபவருக்கான 3 சதவீத வட்டிச் சலுகையும் போகும், பாக்கி வரியும் விழும்.

குழு லோனில் சங்கத் தலைவியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அட்டையில் கையெழுத்து வாங்காமல் வருவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வாரமும் உங்கள் அட்டையில் தொகை, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரும்போது, குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதிக்குமேல் போகக்கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. நான்காவது குழுவில் சேரச் சொல்லி வருபவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். மச்சானுக்குப் போட்ட கையெழுத்து உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக நிற்கும், அவர் தவறினால் உங்கள் பெட்டியில் எண் ஏறும். விலகுவது சுலபமில்லை. குறைந்தபட்சம் மாதம் ஒருமுறை கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய, நல்ல வரிகளை உண்டாக்குவது

பாக்கியை அடைத்துவிட்டு ஒரு கடனும் இல்லாமல் உட்கார்ந்தால் ஸ்கோர் மெதுவாகத்தான் நகரும். நல்ல வரி புதிதாக எழுதப்பட வேண்டும். கெட்ட ஸ்கோரில் சாதாரணக் கார்டு கிடைக்காது. அதனால் 15,000 அல்லது 20,000 ரூபாய்க்கு எஃப்டி போட்டு, அதன்மேல் கிரெடிட் கார்டு கேளுங்கள். பணம் வட்டியோடு உங்களுடையதாகவே இருக்கும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்யுங்கள். லிமிட் 15,000 என்றால் மாதம் 4,500-க்குள் கரண்ட் பில், கேஸ், போன் ரீசார்ஜ். பில் தேதி வேறு, கட்டவேண்டிய தேதி வேறு. பெரும்பாலும் பில் தேதியில் நிற்கும் தொகையே ரிப்போர்ட்டுக்குப் போகும் என்பதால், செலவு கூடிய மாதத்தில் பில் வரும் முன்பே கொஞ்சம் கட்டிவிடலாம். "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டுவது கூடவே கூடாது. மாதம் 3.5 சதவீதம் என்றாலும் வருடத்துக்கு 42 சதவீதம், எந்தக் கந்துவட்டிக்கும் சளைத்ததல்ல.

இந்த ஒரு கார்டும், முடிந்தால் தவணை முறையில் ஒரு சின்னக் கடனும் போதும். மூன்று நான்கு செயலியில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டுகிறேன் என்று இறங்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய கார்டை மூடாதீர்கள், அதன் வயதே ஒரு பலம்.

தவணை தவறாமல் இருக்க ஒரு நடைமுறைக் குறிப்பு. கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் வாரத்தின் எல்லா நாளும், விடுமுறை நாளிலும் ஓடுகிறது. திருவோணத்துக்குக் கொழிஞ்சாம்பாறைக் கிளை பூட்டியிருக்கும், தைப்பொங்கலுக்குப் பொள்ளாச்சிக் கிளை பூட்டியிருக்கும். இந்தப் பக்கம் சம்பளம், அந்தப் பக்கம் லோன் என்று இருப்பவருக்கு இரண்டு மாநில விடுமுறையும் சேர்ந்தே இடிக்கும். ஆனால் நாச் அதிகாலையிலேயே கணக்கைத் தட்டிவிடும், பணம் இல்லை என்றால் இரண்டு வங்கியும் தனித்தனியாகக் கட்டணம் போடும். டியூவுக்கு இரண்டு நாள் முன்பே பணம் கணக்கில் இருக்கட்டும். பால் பணம் 10-ஆம் தேதிக்குத்தான் வரும், டியூ 5-ஆம் தேதி என்றால், தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கேளுங்கள்.

எப்போது மறுபடி லோன் கேட்கலாம்

2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், தவறான வரி திருத்தப்பட்டால் ஓரிரு மாதத்துக்குள் ஸ்கோரில் தெரியும். உண்மையான பாக்கியை அடைத்தவர்களுக்கு, ஆறு மாதம் விடாமல் 000 விழுந்தபின் நகர்வு தெரியும். என்பிஏ, ரிட்டன் ஆஃப் வரை போனவர்கள் ஒன்றரை, இரண்டு வருடம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒரு கார்டும் ஒரு சின்னக் கடனும் தவிர, இந்தக் காலத்தில் எந்த இடத்திலும் லோன் மனு கொடுக்காதீர்கள்.

இன்ன ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் விதிக்கவில்லை, அது ஒவ்வொரு வங்கியின் முடிவு. முதல்முறையாகக் கடன் கேட்பவரிடம் "உங்களுக்குச் சரித்திரமே இல்லை" என்று மட்டும் சொல்லி மறுக்கக்கூடாது என்றும் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதனால் கிளைக்குப் போகும்போது, மனுவை நீட்டும் முன் மேலாளரிடம் உங்கள் ரிப்போர்ட் நகலை முதலில் காட்டுங்கள். அதோடு பாக்கி இல்லாச் சான்றுகள், திருத்தக் கடிதங்கள், கடைசி ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட். "இந்த நிலையில் உங்கள் வங்கி பரிசீலிக்குமா?" என்று வாயால் கேளுங்கள். ஆகாது என்றால் என்ன குறை என்று குறித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். மனு பதிவாகாதவரை என்கொயரியும் பதிவாகாது.

அந்தச் சான்றுகளின் மூலத்தை எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள். மூலம் வீட்டில் இருக்கட்டும், போட்டோவாகப் போனிலும் இருக்கட்டும்.